மைக்செட் அண்ணன் கட்டிய கொட்டகை

பூமியில் பிறந்த மனிதர்களில், கடவுளிடம்கூட மைக் டெஸ்ட் செய்துவிட்டுப் பேசியவர் எங்கள் மைக்செட் அண்ணன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். எங்கள் தெருக் காளியம்மனுக்கு விளக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்தார். கைகூப்பினார். கண்ணை மூடினார். "பூ... பூ... ஹலோ, ஹலோ" என்றார். அதற்கப்புறம்தான் "தாயே" என்று ஆரம்பித்தார்.

"என்னண்ணே, அம்மன்கிட்டயுமா?" என்றேன்.

"லைன் சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா தங்கச்சி? அம்புட்டுப் பேரும் பேசுத எடம்."

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பழைய லோடு ஆட்டோ, தகரத்தில் அடித்துச் செய்த மாதிரி ஒரு தொண்டை. இவ்வளவும் சேர்ந்தால் மைக்செட் அண்ணன். காதுக்குப் பக்கத்திலேயே குழாய் கத்திக் கத்தி அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. அதனால் உலகத்தில் எல்லோருக்கும் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுவார்.

ஒருமுறை நெஞ்சுவலி என்று டாக்டரிடம் போனார். நெஞ்சில் வைக்க டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டினார். அண்ணன் அதன் வட்டத்தைப் பிடித்து வாய்க்கு நேரே வைத்து, "பூ... பூ... ஹலோ" என்றார். டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போனவர்தான். அப்புறம் கம்பவுண்டர்தான் வந்து ஊசி போட்டார்.

ராஜபாளையம் பக்கம் பெண் பார்க்கப் போன கதை இதைவிட மோசம். பெண் காபித் தட்டோடு வந்து நின்றது. "மாப்பிள்ள ஏதாச்சும் பேசணுமா?" என்று கேட்டார் பெண்ணின் தகப்பனார். அண்ணன் எழுந்தார். "மணமகள் அவர்கள் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தாய்மார்கள் தங்கள் குழந்தைகளையும் நகைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு விழாக் கமிட்டியார் சார்பில்..." என்று ஆரம்பித்தார். பெண் சிரித்த சிரிப்பில் காபி அத்தனையும் தகப்பனார் மடியில். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. அண்ணன் கவலைப்படவில்லை. "எனக்கு எதுக்கு தங்கச்சி கல்யாணம்? அக்கா கொளம்பு இருக்குல்லா" என்றார்.

அக்கா என்றால் அவர் கூடப்பிறந்த செல்லத்தாயி அக்கா. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு செங்கலை உருவி எடுத்து வைத்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் அந்த ஓட்டை வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும். ராத்திரி கழுவின கிண்ணம் அதே வழியாகத் திரும்பி வரும். கிண்ணத்தோடு வசவும் போகும். "ஏலே, உப்புப் பத்தலைன்னு ஊருக்கெல்லாம் மைக்குல சொன்னியாமே" என்பாள் அக்கா. உண்மையிலேயே சொல்லியிருப்பார்.

எந்தத் தாளை யார் கொடுத்தாலும் வாசிப்பது அவர் தொழில். சடங்கு, சாவு, தண்ணீர் லாரி, தள்ளுபடி விற்பனை எல்லாம் ஒன்றுதான். அர்த்தம் பார்க்க மாட்டார். "அர்த்தம் கேக்குறவுகளுக்கு. எனக்குச் சத்தம் மட்டும்தான்" என்பார். அதனால்தான் ஒரு பெரியவர் இறந்த அன்றைக்கு, "அன்னாரது இறுதி ஊர்வலம் மறுபக்கம் பார்க்கவும்" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் எந்த அறிவிப்பானாலும் கடைசியில் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு வரி சொல்வார். "எல்லாரும் சாப்பிட்டீகளா?" சாவு வீட்டு அறிவிப்பிலும் சொல்வார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசிக்கு வெளியே கண்மாயை ஒட்டியிருந்தது கம்மாக்கரைத் தெரு. என் வீட்டுக்காரரின் பாட்டனார் காலத்தில், மழை பொய்த்துக் காட்டு வேலை இல்லாமல் சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் முள்ளை வெட்டி, மேடு தட்டி உண்டாக்கிய தெரு. தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) வந்தபோது வீட்டுக்கு வீடு உட்கார்ந்து குச்சி அடுக்கினோம். பட்டாசு ஆபீஸ் வந்தபோது விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறினோம். ஊரெல்லாம் வெடிக்கிற வெடியில் எங்கள் தெருக் கை பட்ட வெடி எத்தனையோ. தெருவுக்கு நடுவில் வேப்பமரம், அதன் அடியில் காளியம்மன் பீடம். எங்களுக்கு வேறு கோட்டை கிடையாது.

அங்கே ரோடு வரப்போகிறது, தெருவைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊருக்கு அதைச் சொல்ல மைக் வேண்டுமே. வழக்கம்போல் மைக்செட் அண்ணனிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவரும் வழக்கம்போல் வாசித்துக்கொண்டே வந்தார். "பூ... பூ... ஹலோ. கம்மாக்கரைத் தெரு ஆக்கிரமிப்பாளர்களுக்கு ஓர் அறிவிப்பு." நாங்கள் எல்லோரும் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு வந்தோம். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் ஆட்டோ அவர் வீட்டுக்கு முன்னால் வந்தபோதுதான் குரல் கொஞ்சம் இடறியது. செல்லத்தாயி அக்கா கையில் குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"ஏலே, யாரு வீட்டடா சொல்லுத?"

அண்ணனுக்கு மைக்கை வாயிலிருந்து எடுக்கத் தெரியாது. குழாய் இரண்டும் தெரு முழுக்கச் சொன்னது.

"நம்ம வீட்டத்தான்க்கா."

அன்றைக்கு அவர், சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

இடித்த நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. அக்காவின் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் கிடந்தார். கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்தோம். அம்மன் பீடத்தையும் வேப்பமரத்தையும் மட்டும் தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். ஆனைக்குட்டம் போகிற வழியில் எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். அந்த வீடுகளைக் குறை சொல்ல மாட்டேன். மேலே காங்கிரீட், கீழே டைல்ஸ். ஆனால் யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் போட்டார்கள். தலைமுறையாகப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சோழி மாதிரிச் சிதறிப்போனோம். அடுத்த மழைக்குள் அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். "கூடப்பிறந்தவன் வாயால சொல்லித்தானே நான் வீட்ட விட்டு எறங்குனேன்" என்றாள் அக்கா. அதற்கப்புறம் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் கேட்கக் கேதத்துக்கு வந்து நின்றவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ரோடு வரவில்லை. என்ன காரணமோ, வேலை அப்படியே நின்றுபோனது. எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் வேலிக்கருவை முளைத்தது.

ஒரு நாள் மைக்செட் அண்ணன் அரிவாளோடு போய்ப் பீடத்தைச் சுற்றி முள்ளை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். இடுப்பில் மஞ்சள் வேட்டி. கையில் காப்பு. பூசாரியை வரவழைத்து அம்மனுக்குத் திருவிழா என்று காப்புக் கட்டிக்கொண்டுவிட்டார்.

"இந்த மாசத்துல என்னண்ணே திருவிழா?"

"நாடகம் போடப் போறேன் தங்கச்சி. இங்கன ஒரு கொட்டகை. ஞாயித்துக்கிழம தோறும் நாடகம். நம்ம சனம் இங்க வரணும். அக்காவும் வரணும். அவ என்கிட்ட ஒரு வார்த்த பேசுத வரைக்கும் மைக்கத் தொட மாட்டேன், காப்ப அவுக்க மாட்டேன். அம்மன்கிட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்கு அக்கா வீட்டுக்கே போய்க் கால்ல விழலாமுல்ல?"

"எப்படிப் போறது? காப்புக் கட்டிட்டேனே. எல்லை தாண்டக் கூடாதுல்லா."

பயத்துக்கும் பக்திக்கும் இப்படி ஒரே முடிச்சுப் போட்டவரை நான் வேறு பார்த்ததில்லை. அவர் நேர்ந்துகொண்டது ஆனைக்குட்டம் ரோடு வரை எல்லோருக்கும் தெரிந்துபோனது. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை திருவிழாதான். அதுவரை பந்தலைப் பிரிக்க ஒருவருக்கும் கை வராது. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மாதா மாதம் ஒரு அதிகாரி வந்து நிற்பார்.

"என்னய்யா, இன்னுமா திருவிழா முடியல?"

"காப்பு அவுக்கலையே சார்."

"எப்ப அவுப்பீக?"

"அம்மா சொல்லணும் சார்." அம்மா என்று சொல்லும்போது அவர் ஆனைக்குட்டம் ரோட்டைப் பார்ப்பார்.

கொட்டகை என்றால் சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, அவ்வளவுதான். அண்ணன் வீடு இருந்த இடத்தில் மேடை. மேடைக்குப் பின்னால் திரை வேண்டுமே. என் வீட்டுக்காரருக்கு அச்சாபீஸில் வேலை. கலர் விலகி வீணாய்ப்போன காலண்டர் சாமிப் படங்களைக் கால்படாமல் எடுத்துக் கட்டிவைத்திருந்தார். அதை அத்தனையும் ஒட்டித் திரையாக்கினார்கள். ஒவ்வொரு முருகனுக்கும் நாலு கண், இரண்டு வாய். அண்ணன் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "சாமிக்கு நம்மளப் பாக்க ரெண்டு கண்ணு பத்தாது தங்கச்சி" என்றார்.

அவர் செய்த பெரிய வேலை அதுவல்ல. கோலப்பொடி மூட்டையை வரவழைத்து, இடித்த வீடுகளை அத்தனையும் தரையில் கோடாகப் போட்டார். அவரவர் சுவர், அவரவர் வாசல். நாடகம் பார்க்க வருகிறவர்கள் அவரவர் வீட்டுக்குள்தான் உட்கார வேண்டும். வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கோட்டைத் தாண்டினால் பத்துப் பேர் கத்துவார்கள், "செவுத்துல மிதிக்காதே." முதல் வாரமே சண்டை வந்தது. கருப்பாயி மதினி சாயங்காலம் காலால் நைசாகக் கோட்டை அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இடிச்சும் புத்தி வரலயே ஒனக்கு. கோலப்பொடியிலயுமா ஆக்கிரமிப்பு?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர்களில் சிலர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

அக்கா வீட்டையும் கோடு போட்டிருந்தார். அவர் மேடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் பொடி இருக்காது. ஒரு செங்கல் அளவு இடைவெளி. அந்த வீட்டுக்குள் யாரையும் உட்கார விடமாட்டார். வாரா வாரம் அது காலியாகவே கிடந்தது.

மைக்செட்காரரின் நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது என்பது எங்கள் வட்டாரத்தில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. நடிக்கிறவர்கள் தொண்டை கட்டிக் கட்டிச் செத்தார்கள். அண்ணன் ஓரமாக நின்று கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டுவார். சத்தம் பத்தாது என்று அர்த்தம்.

அம்மன் அசுரனை அழிக்கிற கதையை அவரே கட்டியிருந்தார். அசுரன் வருகிற இடத்தில் ஒரு நாள் புத்தி தடுமாறி மேடைக்குப் பின்னால் ஒரு வெடியைப் போட்டுவிட்டார். வேறு ஊராக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். எங்கள் சனம் வெடியைக் கேட்டால் மேடையைப் பார்க்காது. வானத்தைப் பார்க்கும். எந்தத் திசையில் புகை, நம் வீட்டு ஆள் எந்த ஆபீஸில் என்று பார்க்கும். அப்போது சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் ஆர்டர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுவிடும் நேரத்தில் கொட்டகை காலி. கோடு எல்லாம் மிதிபட்டு அழிந்துவிட்டது. எல்லோரும் ரோட்டில்.

முன்னால் ஓடியது அசுரன். மாரியப்பன் என்று ஒரு மினிவேன் டிரைவர். அவன் பெண்டாட்டி ஆமத்தூர்ப் பக்கம் ஓர் ஆபீஸில் வேலைக்குப் போயிருந்தாள். கொம்பும் கோரைப்பல்லுமாக நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினான். பஸ் நின்றது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். ஆபீஸ் வாசலில் போய் இறங்கி அவள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அவள் கை நிறைய மருந்துக் கரியோடு வெளியே வந்து, "என்னய்யா இது கோலம்?" என்றாளாம். அசுரன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதானாம்.

இதற்குள் செய்தி ஆனைக்குட்டம் ரோட்டுக்குப் போய்விட்டது. போகிற வழியிலேயே வளர்ந்துவிட்டது. கம்மாக்கரையில் வெடித்துவிட்டது, மைக்செட்டு போயிட்டான் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் கோட்டைத் திரும்பப் போடுவதற்குப் பொடியைக் கையில் எடுத்த நேரம், செல்லத்தாயி அக்கா வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. தலை அவிழ்ந்து கிடந்தது.

அண்ணன் மேடை ஓரத்தில் முழுசாக நின்றார். அக்கா வாயைத் திறந்தாள். அண்ணன் அப்படியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் கையில் கிடந்த காப்பைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். நடந்து வந்த களைப்பில் கால் மடங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் எது என்று அப்புறம்தான் பார்த்தாள். அவள் அடுப்பு இருந்த மூலை. சரியாக அதே மூலை.

கொஞ்ச நேரம் தரையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாடகம் அந்தப் பக்கம் நடக்குதுக்கா" என்றேன்.

"நான் நாடகம் பாக்க வரல. எங்க வீட்டுக்கு வந்தேன்."

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாள். ஒரு ஞாயிறு தவறாமல் முதுகைக் காட்டினாள். அண்ணன் அந்த முதுகுக்காகவே நாடகம் போட்டார். சிரிப்பு வசனம் வந்தால் அவர் மற்றவர்களைப் பார்க்க மாட்டார், அக்காவின் தோள் குலுங்குகிறதா என்று பார்ப்பார். சில நாள் குலுங்கும்.

போன ஆடியில் ஒரு நாள், பேச்சில்லாமல், திரும்பியும் பார்க்காமல், அந்தச் செங்கல் இடைவெளி வழியாக அக்கா ஒரு கிண்ணத்தைத் தள்ளினாள். கத்தரிக்காய்க் குழம்பு. அண்ணன் மேடையிலேயே உட்கார்ந்து தின்றார். ராணி வேஷக்காரர் வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் பீடத்துக்கு வந்தார். குரலை இறக்கித்தான் சொன்னார், அதுவே வேப்பமரத்துக் காக்கையைக் கிளப்பிவிட்டது.

"கிண்ணம் வந்துருச்சு தங்கச்சி. பேச்சு வந்துரும். நாளாகும், ஆனா வந்துரும்."

வருவதற்குள் அவர் போய்விட்டார். ஐப்பசியில் ஒரு காலை, விளக்குப் போட வந்த பூசாரி பீடத்தடியில் அவர் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அவர் நெஞ்சைத்தான் டாக்டர் கடைசிவரை கேட்க முடியாமல் போயிற்றே. அம்மன் காலடியில், தூக்கத்தில். நல்ல சாவுதான். ஆனாலும் எனக்கு அம்மன்மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. அதையும் அவளிடமே சொல்லிவிட்டேன்.

அக்கா வந்தாள். மாரடித்து அழவில்லை. பூசாரி காப்பை அவிழ்க்க உட்கார்ந்தார். சாவுக்கு அப்புறம் அது கையில் இருக்கக் கூடாது. கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், "கடைசிவரைக்கும் ஒரு வார்த்த பேசலயே இந்தப் பாவி."

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"பேசிருந்தா காப்ப அவுத்திருப்பான்" என்றாள். "அவன் சொன்னா சொன்னதுதான். காப்ப அவுத்தா கொட்டகையப் பிரிச்சிருப்பாக. அப்புறம் நாம எங்கன போய் ஒக்காருவோம்? எல்லாப் பேச்சும் நாக்கு நுனியிலதான் நின்னுச்சு. வாரா வாரம் முழுங்குனேன்."

அண்ணன் கையிலிருந்து காப்பு வந்துவிட்டது. அக்கா பூசாரியிடம் தன் கையைக் காட்டினாள். "காரியம் முடியட்டும். புதுசா எனக்குக் கட்டு. திருவிழா நிக்கக் கூடாது."

ஊருக்குச் சாவைச் சொல்ல வேண்டும். லோடு ஆட்டோ அங்கேதான் நின்றது. குழாயைத் தூசி தட்டிக் கட்டினார்கள். மாரியப்பன் ஓட்ட உட்கார்ந்தான். யார் பேசுவது? இத்தனை வருஷத்தில் எங்களுக்கெல்லாம் கேட்கத்தான் தெரியும். அக்கா ஏறி உட்கார்ந்து மைக்கை வாங்கினாள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தம்பியைப் பார்த்தே வளர்ந்தவள்.

"பூ... பூ..." என்றாள். "ஹலோ."

ஆட்டோ கிளம்பியது.

"கம்மாக்கரைத் தெருவுல இருக்குற..." நிறுத்தினாள். அவர் பெயரைச் சொன்னாள். நான் அன்றைக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்டேன். யாருக்கும் புரியாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "நம்ம மைக்செட்டு... என் தம்பி... இன்னைக்குக் காலையில செத்துப்போனான். சாயங்காலம் அவன் வீட்டுல இருந்து எடுக்குறோம். வீடு எங்கனன்னு ஒங்களுக்குத் தெரியும்."

அப்புறம் எப்படி முடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குழாயில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். வாசல் வழியாக நுழைந்து அவரவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவரை மேடையில் கிடத்தியிருந்தோம். தூக்கினவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டாமல், சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அக்கா அன்றைக்குத்தான் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை நான். இல்லை அக்கா. சாப்பிடவில்லை. வீடே இல்லாத நம் தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை.